பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

கேள்வி:

இரணைமடுச் சந்திப் பக்கம் வோட்டர் பம்பும் லாண்ட்மாஸ்டரும் திருத்துகிற சின்னக் கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். இயந்திரங்களைக் கண்டுபிடித்தவர்களின் கதை என்றால் சிறுவயதிலிருந்தே எனக்கு விருப்பம். அது தெரிந்து, இங்கிலாந்தில் இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் காணும் பழைய நினைவுப் பதக்கங்களை வாங்கி அனுப்புவார். இப்போது கையில் மூன்று இருக்கின்றன. முதலாவது வெள்ளி நிறம், ஆனால் பாரம் குறைவு. ஸ்டீபன்சன் என்ற பெயர், ஒரு முகம், 1781, 1881 என்று இரண்டு ஆண்டுகள். மேலே ஒரு ஓட்டை. இரண்டாவது செம்பழுப்பு. அருகருகே இருவர் முகம், பிரெஞ்சு எழுத்து, ரோம எண்ணில் 1783. மூன்றாவது தங்க நிறத்தில் பளபளக்கும் நிக்கோலா டெஸ்லா. இது மச்சான் கனடாவிலிருந்து இணையத்தில் வாங்கி அனுப்பியது. இரண்டாவது கறுத்துக் கிடந்ததால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பாதி மினுங்குகிறது, பாதி திட்டுத்திட்டாக நிற்கிறது.

இவை உண்மையானவையா, எப்படிப் பார்த்து அறிவது? எங்கள் வெக்கைக்கும் மாரிக்கும் எப்படி வைத்துக் காப்பது? இன்னும் ஒன்று. அப்பாவின் சாவிப் பெட்டிக்குள் பழைய லாண்ட்மாஸ்டர் ஒன்றின் பித்தளைத் தகடு கிடக்கிறது. மெஷின் எப்போதோ போய்விட்டது. தகட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

பதில்:

தம்பி, தகட்டைப் போட்டுவிடாதீர்கள். அது எங்கும் போகாமல் பத்திரமாக இருக்கட்டும், கடைசியில் அதற்கு வருகிறேன். முதலில் அந்தப் புளியைக் கீழே வையுங்கள்.

குத்துவிளக்குக்குப் புளியும் சாம்பலும் சரி. விளக்கு கனத்த பித்தளை. வருடத்துக்கு நான்கு தரம் தேய்த்தாலும் நாலு தலைமுறை தாங்கும். பதக்கம் அப்படியல்ல. வெண்கலப் பதக்கத்தின் செம்பழுப்பு நிறம் அழுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அச்சடித்த பிறகு நாணயச்சாலையிலேயே மருந்துபோட்டு ஏற்றிய நிறம் அது. அதன் மேல் வருடக்கணக்காகக் காற்றுப் பட்டுப் படிந்த தோல் இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் அடியில் இருக்கும் உலோகத்தைக் காக்கின்றன. புளியின் அமிலம் அந்தத் தோலை உரிக்கிறது. சாம்பலின் மணல், மேடான இடங்களை அரைக்கிறது. முகத்தில் மேடான இடம் எது? மூக்கு, கன்னம், தலைமயிர்ச் சுருள். சிற்பி மாதக்கணக்காகச் செதுக்கியது அங்கேதான் இருக்கிறது. பதினெட்டு வயதில் பெரியப்பா கொடுத்த 1897ஆம் ஆண்டு விக்டோரியா வைரவிழாப் பதக்கத்தை நானும் தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன். இன்றைக்கும் அது என்னிடம் இருக்கிறது. அந்த முகத்தில் இமை இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நோகும். ஆகவேதான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

நடந்தது நடந்துவிட்டது. பற்றரிக்கு ஊற்றும் வடிதண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். புளியின் மிச்சம் உள்ளே நின்றால் அது தொடர்ந்து அரிக்கும். பஞ்சுத் துணியால் ஒற்றி எடுங்கள், உரசவேண்டாம். பிறகு நிழலில் காயவிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள். மினுங்குகிற பாதியும் சில வருடங்களில் தானே மங்கிவரும். நிறம் ஏற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

இனி ஒவ்வொன்றாக வருவோம்.

ஓட்டை போட்ட ஸ்டீபன்சனைக் குறைவாக எண்ணவேண்டாம். ஜோர்ஜ் ஸ்டீபன்சன் பிறந்தது 1781 ஜூன் 9. நூறு வருடம் கழித்து அதே நாளில் நியூகாசில் நகரமே திரண்டு விழா எடுத்தது. அவர் பிறந்த வைலம் கிராமம் வரை ரயில் இஞ்சின்கள் ஊர்வலமாகப் போயின. கூட்டத்துக்கு விற்க, மலிவான வெள்ளை உலோகத்தில் பல மாதிரியான பதக்கங்கள் அடிக்கப்பட்டன. வெள்ளீயம்தான் அதில் பெரும்பகுதி, அதனால்தான் உங்கள் கைக்குப் பாரம் குறைவாகத் தெரிகிறது. நாடா கோத்துச் சட்டையில் குத்திக்கொள்ளத்தான் அந்த ஓட்டை. நாணயத்தில் ஓட்டை விழுந்தால் அது சேதம். இந்தப் பதக்கத்தில் ஓட்டை இருந்தால், அன்று அந்தத் தெருவில் யாரோ ஒரு நிலக்கரித் தொழிலாளியோ அவர் பிள்ளையோ அதை அணிந்து நின்றிருக்கலாம். எழுத்து வாசிக்கப் பதினெட்டு வயதுக்குப் பிறகு இரவுப் பள்ளியில் கற்ற ஒரு சுரங்கத் தொழிலாளிக்காக அவர்கள் நின்றார்கள்.

உங்கள் ஊரில் இருந்துகொண்டு அந்தப் பதக்கத்தைக் கையில் வைத்துப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். 1990இல் போரால் வடக்குப் பாதையில் ரயில் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. 2013 செப்டெம்பர் 14 அன்றுதான் மறுபடி கிளிநொச்சிக்கு ரயில் வந்தது. இருபத்துமூன்று வருடம். ரயிலே பார்க்காமல் வளர்ந்து கல்யாணம் கட்டிய ஒரு தலைமுறை வன்னியில் உண்டு. ரயிலின் அருமையைப் பற்றி நியூகாசில்காரருக்குக் கூட நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலாம். இன்னொரு தகவலும் உங்களுக்குப் பிடிக்கும். ஸ்டீபன்சன் வைத்த பாதை அகலம் 4 அடி 8½ அங்குலம், உலகில் பெரும்பாலான ரயில்கள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. நம்முடைய பாதை அதைவிட அகலம், 5 அடி 6 அங்குலம்.

வெள்ளை உலோகம் மிக மென்மையானது. நகம் பட்டாலே கீறும், விழுந்தால் விளிம்பு மடியும். அதை எதனாலும் துடைக்காதீர்கள்.

இரண்டாவது எதுவென்று நீங்கள் சொன்ன அடையாளங்களிலேயே தெரிகிறது. அந்த இருவர் மொண்ட்கோல்ஃபியர் சகோதரர்கள், ஜோசப்பும் எத்தியெனும். பிரான்சில் அனோனே என்ற ஊரில் கடதாசி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர்கள். துணியும் கடதாசியும் ஒட்டிய பெரிய பையில் சூடான காற்றை நிரப்பி 1783 ஜூன் 4 அன்று ஊரார் முன்னிலையில் வானத்துக்கு அனுப்பினார்கள். செப்டெம்பரில் அரசர் முன்னால் ஒரு செம்மறி, ஒரு வாத்து, ஒரு சேவல் மேலே போய் உயிரோடு திரும்பின. நவம்பர் 21 அன்று மனிதர் இருவர் பறந்தனர். அந்த ஆண்டே கத்தோ என்ற பதக்கச் சிற்பி இவர்களுக்குப் பதக்கம் செதுக்கினார். காற்றில் பயணம் செய்ய வழி திறந்ததற்காக என்ற பொருளில் அதில் பிரெஞ்சு எழுத்து இருக்கும்.

ஆனால் 1783 என்று எழுதியிருப்பதால் அது 1783இல் அடித்தது என்று ஆகிவிடாது. பதக்கம் சேர்க்கத் தொடங்கும் எல்லோரும் விழுகிற குழி இதுதான். பாரிஸ் நாணயச்சாலை தன் பழைய அச்சுகளைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்போருக்கு மறுபடியும் மறுபடியும் அடித்துக் கொடுத்தது. அப்படி அடித்ததைக் கள்ளப் பதக்கம் என்று சொல்ல முடியாது. அதே சாலை, அரசாங்கத்தின் அச்சு. ஆனால் காலம் வேறு.

காலத்தை எப்படி அறிவது? முகத்தை விடுங்கள், பின்பக்கத்தையும் விடுங்கள். பதக்கத்தை நிமிர்த்திப் பிடித்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், கராஜில் பெயரிங்கின் நம்பர் தேடுவது போல. 1832க்கு முன் பாரிஸ் சாலை விளிம்பில் எதுவும் பொறிக்கவில்லை. 1832இலிருந்து பழங்கால எண்ணெய் விளக்கு ஒன்றின் சிறு உருவம். 1841இல் நங்கூரம், 1842இல் கப்பலின் முன்மூக்கு, 1845இலிருந்து விரல் நீட்டிய கை, 1860இலிருந்து தேனீ. 1880இலிருந்து இன்று வரை பழங்கள் நிரம்பி வழியும் கொம்பு. அதன் பக்கத்தில் செம்பா, வெண்கலமா, வெள்ளியா என்று பிரெஞ்சில் உலோகத்தின் பெயர் இருக்கும். பிற்காலத்தவை சிலவற்றில் ஆண்டும் பொறித்திருப்பார்கள். விளிம்பு ஒன்றுமில்லாமல் வழவழவென்று இருந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். யாராவது குறியை அரத்தால் ராவி எடுத்திருக்கவும் கூடும். அரம் பிடித்த கை உங்களுடையது, அந்தக் கீறல் உங்களுக்குத் தெரியாமல் போகாது. உங்களுடையதில் பெரும்பாலும் கொம்புதான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சந்தையில் அதிகம் வருபவை அவைதான். கொம்பு இருந்தாலும் அது வைத்திருக்கத் தக்க அழகான பதக்கம். தொடக்ககால அச்சின் விலை கொடுத்து வாங்கியிருந்தால்தான் வருத்தப்படவேண்டும்.

அக்காவுக்கு இதை எழுதுங்கள்: முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் படத்தோடு விளிம்பின் படத்தையும் காட்டாத விற்பனையாளரிடம் வாங்கவேண்டாம்.

டெஸ்லாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மச்சான் அன்போடு அனுப்பியது, அதை மதிக்கிறேன். ஆனால் இணையத்தில் மலிவாகக் குவிந்து கிடக்கும் முலாம் பூசிய வட்டுகளுக்குப் பின்னால் ஒரு விழா இல்லை, சிற்பியின் பெயர் இல்லை, வெளியிட்ட நிறுவனமும் இல்லை. மேசையில் வைக்கலாம், தொகுப்பில் சேர்க்கவேண்டாம்.

உலோகத்தைச் சந்தேகிக்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பது முதல் படி. ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் அது நல்லது என்று அர்த்தமில்லை, பித்தளையும் நாகமும்கூட ஒட்டாது. அடுத்த படிக்கு ஆர்க்கிமிடீசைக் கூப்பிடவேண்டும். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் டிஜிற்றல் தராசு போதும். முதலில் பதக்கத்தை உலர்வாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கிளாசில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பதக்கத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக அமிழும்படி தொங்கவிடுங்கள், அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் பதக்கத்தின் கனவளவு. உலர்ந்த நிறையை அதனால் வகுங்கள். நிறை 44 கிராம், தண்ணீரில் காட்டியது 5 என்றால் விடை 8.8, அது வெண்கலம். சுத்தவெள்ளிக்குச் சற்றுக் குறைந்த 925 வெள்ளி 10.3, 10.4 அளவில் வரும். பித்தளை 8.5. வெள்ளீயக் கலவை 7.3ஐ ஒட்டி. தங்கம் 19.3. தங்க நிறத்தில் இருந்துகொண்டு 8 காட்டுகிறது என்றால் அது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. செம்பும் வெண்கலமும் மிகக் கிட்டக்கிட்ட வருவதால் அவற்றைப் பிரிக்க மட்டும் இந்த முறை உதவாது.

வைத்துக் காப்பதைக் கேட்டிருக்கிறீர்கள். வன்னியில் இரண்டு எதிரிகள். ஒன்று ஒக்ரோபர் தொடங்கித் தை வரை மாரியின் ஈரம். மற்றது நாம் நல்லதென்று நினைத்து வாங்கும் பெட்டியும் உறையும். கடையில் விற்கும் மெத்தென்ற, மணக்கும் பிளாஸ்ரிக் அல்பம் பி.வி.சி. வெக்கையில் அதிலிருந்து கசியும் எண்ணெய் வெண்கலத்தின்மேல் பச்சைப் பசையாகப் படியும். பொலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள், அது கிடைக்காவிட்டால் அமிலமில்லாத கடதாசி உறை போதும். ப்ளைவுட் பெட்டி வேண்டாம், பசையிலிருந்து வரும் ஆவி வெள்ளை உலோகத்தைத் தின்னும். றப்பர் பாண்ட், கம்பளித் துணி, பூச்சி உருண்டை எதுவும் அருகில் இருக்கக்கூடாது. நன்றாக மூடும் பேணிக்குள் உறைகளை வைத்து, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, தகரக் கூரைக்குக் கீழே பரணில் ஏற்றாமல் வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். கையில் கிறீசோடு தொடவேண்டாம். உங்கள் தொழிலில் இது பெரிய பேச்சு, தெரியும். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். எப்போதாவது வெளிர்ப்பச்சை நிறத்தில் மாப்போலத் தூள் பூத்தால் அந்தப் பதக்கத்தை உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். உப்பு உள்ளே போய் அரிக்கிறது என்று பொருள்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. இந்த ஆர்வம் முற்றினால் சிலர் மண்ணைக் கிண்டத் தொடங்குவார்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது. நிலத்திலிருந்து எடுத்தது எடுத்தவருக்குச் சொந்தமில்லை. சட்டத்தைவிடப் பெரியது, எங்கள் மண்ணுக்குள் இன்னும் என்னென்ன வெடிக்காமல் கிடக்கிறது என்பது. வாங்குங்கள், மாற்றுங்கள், கேட்டுப் பெறுங்கள். தோண்டாதீர்கள்.

அடுத்து எதைத் தேடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஜேம்ஸ் வோட்டின் பதக்கங்கள் உண்டு, விலையும் உண்டு. அதற்குப் பதிலாக வோட்டின் இஞ்சினே அடித்த காசு ஒன்றை வாங்குங்கள். வோட்டும் மத்தியூ போல்ட்டனும் 1775இலிருந்து பங்காளிகள். பேர்மிங்ஹாம் அருகே சோஹோவில் போல்ட்டன் நீராவியால் நாணயம் அடிக்கும் சாலை வைத்தார். கிழக்கிந்தியக் கொம்பனிக்காக, சென்னைப் பக்கம் புழங்குவதற்கு, 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள் அங்கே அடிக்கப்பட்டன. 1808ஆம் ஆண்டிட்ட காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையிலேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை அள்ளி எடுத்தார்கள். இன்று இங்கிலாந்தில் அவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுச் சந்தைக்கென்று நீராவியால் அடித்து, தமிழர் கைக்கு வந்து சேராமலே போன காசு! பற்றுச்சீட்டோடு வாங்கச் சொல்லுங்கள்.

கனடா மச்சானுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் புகழ்மண்டபத்துக்காக 1960களிலும் 70களிலும் மெடாலிக் ஆர்ட் கொம்பனி அடித்த வரிசையில் தையல் மெஷின் எலியாஸ் ஹோவ், தந்தி மோர்ஸ், பெல், எடிசன், ரைட் சகோதரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் தெரிந்த சிற்பி. வெண்கலத்தில் 3 அங்குலம், 1¾ அங்குலம் என்று இரண்டு அளவு. சின்னதே போதும்.

இனி உங்கள் தகடு.

வன்னியில் இரண்டு சக்கர உழவு மெஷின் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் நாம் அதை லாண்ட்மாஸ்டர் என்றுதான் சொல்கிறோம். குபோட்டாவும் லாண்ட்மாஸ்டர், சீன மெஷினும் லாண்ட்மாஸ்டர். அந்தப் பெயர் இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கத்துக் கொம்பனி ஒன்றின் பெயர். 1950களின் நடுவில் அவர்கள் செய்து உலகமெங்கும் விற்ற அந்த இரண்டு சக்கர மெஷினை வடிவமைத்தவர் ஓர் இலங்கையர், றே விஜேவர்தன. 1924இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். விமானம் ஓட்டினார், சொந்தமாகச் செய்தும் பறந்தார். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டினார். 2010இல் காலமானார். இரணைமடுக் குளத்துக்குக் கீழே காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் சேறு கலக்கிய கைகளுக்கு அவர் பெயர் தெரியாது. ஸ்டீபன்சனுக்கு ஒரு நகரம் கூடியது. லாண்ட்மாஸ்டருக்காக ஒரு வயற்காரர் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளீய வட்டு அடித்ததை நான் கண்டதில்லை. எங்கள் நாட்டில் முத்திரைகளில்தான் இத்தகையவர்கள் எப்போதாவது தலைகாட்டுகிறார்கள். நீர்மின்சாரத்துக்காக வாழ்நாளெல்லாம் போராடிய பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு 1975இல் முத்திரை வந்தது. அதையும் தேடி வாங்குங்கள்.

றே விஜேவர்தனவை நான் மதிப்பதற்கு மெஷின் மட்டும் காரணமில்லை. 1960களில் அமெரிக்காவில் அவர் தன் மெஷினைப் பற்றிப் பேசியபோது, நீங்கள் இயந்திரமயமாக்கியது விவசாயத்தையா, எருமையையா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் மறைக்கவில்லை. தானே ஊரெல்லாம் சொன்னார். எருமை சாணம் தந்தது, பால் தந்தது, கன்று போட்டது. மெஷின் எண்ணெய் கேட்டது. அதற்குப் பிறகு மண்ணைப் புரட்டாமல் காக்கும் விவசாயத்தின் பக்கம் தன் உழைப்பைத் திருப்பினார். கிளிசரியா மரத்தை வேலியாகவும் பசளையாகவும் விறகாகவும் வளர்க்கச் சொன்னார். தன் கண்டுபிடிப்பையே கேள்வி கேட்ட கண்டுபிடிப்பாளர் எத்தனை பேர்?

ஆகவே அந்தத் தகடு உங்களிடம் இருக்கும் நான்கிலும் முதன்மையானது. மற்ற மூன்றும் சந்தையில் இன்னொன்று கிடைக்கும். வன்னியிலே இடம்பெயர்வுகளில் கைவிட்ட மெஷின்கள் எல்லாம் துண்டு துண்டாகப் பழைய இரும்பு லொறியில் ஏறிப்போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இஞ்சினோடு தகடும் போனது. எந்த ஆண்டு, எந்த இலக்கம், யார் வீட்டு மெஷின் என்பதெல்லாம் அதோடு போனது. உங்கள் அப்பா எதற்காக அந்தத் தகட்டைக் கழற்றிச் சாவிப் பெட்டிக்குள் வைத்தார்? மெஷின் போனபோது அவர் எடுத்துக்கொண்டது அது. அம்மாவிடமோ பெரியவர்களிடமோ கேளுங்கள்: எப்போது வாங்கியது, யாருடைய வயலெல்லாம் உழுதது, எங்கே விட்டது. கேட்டதை ஒரு கடதாசியில் எழுதித் தகட்டோடு அதே உறைக்குள் வையுங்கள். உங்கள் கராஜுக்கு வரும் பழைய லிஸ்ரர் இஞ்சின், வோட்டர் பம்ப் எதுவும் இரும்புக்குப் போகிறதென்றால், உடையவரிடம் கேட்டு அதன் தகட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். கதையையும் கேட்டு எழுதுங்கள். பதக்கங்கள் பக்கத்தில் அவை இருக்கட்டும்.

தகட்டையும் தேய்க்கவேண்டாம். எழுத்து மங்கியிருந்தால் அதன்மேல் மெல்லிய வெள்ளைக் கடதாசி ஒன்றை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து மெதுவாக உரசுங்கள். இலக்கம் தானே எழும்பி வரும். அந்தக் கடதாசியின் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பிவையுங்கள்.